ஹர்லிங்: எந்த கிளப், எந்த கவுண்டி, யாருக்கு யார் மேல் கோபம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அயர்லாந்தில் என் ஞாயிற்றுக்கிழமைகள் ஹர்லிங் மைதானத்தின் ஓரத்தில் கழிகின்றன. மழையில் நனைந்துகொண்டு, பிள்ளையின் தண்ணீர் பாட்டிலையும் ஹெல்மெட்டையும் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. இங்கே புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் இந்த ஆட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்பவை அநேகமாக ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து கை வலித்ததால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஹர்லிங்னா ஹாக்கி மாதிரிதானே?

கையில் மட்டை இருக்கிறது என்பதோடு ஒற்றுமை முடிந்தது. ஹாக்கியில் பந்து பெரும்பாலும் தரையில் ஓடும். இதில் பெரும்பாலும் தலைக்கு மேல் பறக்கும். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், மட்டையின் நுனியில் நிறுத்தி வைத்துக்கொண்டே ஓடலாம். மட்டைக்கு ‘ஹர்லி’ என்று பெயர், ஆஷ் மரத்தில் செய்வது. பந்துக்கு ‘ஸ்லிட்டர்’. ஒரு பக்கத்துக்கு 15 பேர். கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அணிகளின் ஆட்டம் 70 நிமிடம். 2010 முதல் எல்லா நிலையிலும் ஹெல்மெட் கட்டாயம்.

கோல் கம்பம் ஆங்கில ‘எச்’ எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பிக்கு மேலே அடித்தால் 1 புள்ளி. கீழே வலைக்குள் அடித்தால் கோல், அதற்கு 3 புள்ளி. ஸ்கோரை 3-27 என்று எழுதினால் 3 கோல், 27 புள்ளி, ஆக மொத்தம் 36 என்று அர்த்தம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே நிறைய வரும்.

இவங்களுக்கு எவ்வளவு சம்பளம்?

சம்பளமே கிடையாது. பயணச் செலவு மாதிரி சில தொகைகள் வரும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை டப்ளின் குரோக் பார்க்கில் 82,000 பேர் முன்னால் ஆடியவர் அந்த வாரமே பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார், இல்லையென்றால் மாட்டுப் பண்ணையில் நிற்பார். ஏலமில்லை, ஒப்பந்தமில்லை, ஓர் ஆட்டக்காரரைக் காசு கொடுத்து வாங்க வழியே இல்லை. பின்னால் வரும் பல பதில்களுக்கு வேர் இதுதான்.

கிளப், கவுண்டி, பாரிஷ்னு என்னென்னவோ சொல்றாங்களே, எது எதுக்குள்ள வருது?

பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தைச் சுற்றியுள்ள பங்கு. நம் ஊர் அளவில் இரண்டு மூன்று கிராமம் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒரு பாரிஷுக்கு ஒரு கிளப். கிளப்புகள் தங்கள் கவுண்டிக்குள் தங்களுக்குள் மோதும். அந்த கிளப்புகளிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து உருவாவதுதான் கவுண்டி அணி. எந்த கிளப்பிலும் இல்லாமல் நேரே கவுண்டிக்கு ஆட முடியாது.

இதையெல்லாம் நடத்துவது ஜி.ஏ.ஏ. என்கிற கேலிக் விளையாட்டுச் சங்கம். 1884 நவம்பர் 1 அன்று, டிப்பரேரியின் தர்லஸ் ஊரில் ஹேய்ஸ் ஹோட்டலில் தொடங்கியது. மொத்தம் 32 கவுண்டி. ஆனால் ஹர்லிங்கில் கோப்பையை நினைத்துப் பார்க்கக்கூடியவை சுமார் பத்துதான். மற்ற ஊர்களில் ஐரிஷ் பாணிக் கால்பந்தான கேலிக் கால்பந்துதான் ராஜா. 2022 முதல் ஆண்டை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஜூலைக்குள் கவுண்டிப் போட்டிகள் முடிந்துவிடும், அப்புறம் கிளப் காலம். கவுண்டிகள் மோதும் ஆகப்பெரிய போட்டி அகில அயர்லாந்து சாம்பியன்ஷிப், அதன் இறுதிப் போட்டி முன்பெல்லாம் செப்டம்பரில் நடந்தது. அது ஜூலைக்கு வந்ததைப் பெரியவர்கள் இன்னும் ஜீரணிக்கவில்லை.

நம்மை எல்லாம் கிளப்புல சேத்துக்குவாங்களா? நாம ஐரிஷ் இல்லையே.

சேர்த்துக்கொள்வார்கள். குடியுரிமை, மதம், நிறம் எதுவும் நிபந்தனை இல்லை. விண்ணப்பம் கொடுத்து, சந்தா கட்டி, கிளப்பின் செயற்குழு ஏற்றுக்கொண்டால் நீங்கள் உறுப்பினர். சந்தா எவ்வளவு என்பதை கிளப்தான் முடிவு செய்யும். 18 வயதுக்கு மேல் முழு உறுப்பினர், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓட்டு உண்டு. அதற்குக் கீழே இளையோர் உறுப்பினர், ஆடலாம், ஓட்டு கிடையாது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க நீங்களே முன்வந்தால் முதலில் போலீஸ் சரிபார்ப்பு நடக்கும். அது எல்லோருக்கும் உள்ளது, மனம் நோக வேண்டாம்.

வெளியிலிருந்து வந்தவர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஷான் ஓக் ஓ ஹால்பீன் ஃபிஜி நாட்டின் ரொட்டுமா தீவில் பிறந்தவர், தாய் அந்தத் தீவுக்காரர். அவர்தான் 2005-ல் கார்க் அணிக்குத் தலைவராக இருந்து அகில அயர்லாந்துக் கோப்பையை வாங்கினார், ஏற்புரையையும் ஐரிஷ் மொழியிலேயே பேசினார். வெக்ஸ்ஃபோர்டின் லீ சின் இருக்கிறாரே, அவருடைய அப்பா மலேசியாவிலிருந்து வந்தவர். சாக் மொராதி ஈராக்கில் அகதி முகாமில் பிறந்த குர்து இனத்தவர். 2019-ல் லீட்ரிம் அணியோடு, கீழ்நிலைக் கவுண்டிகளுக்கான லோரி மஹர் கோப்பை வென்றார்.

பக்கத்து ஊர் கிளப் நல்லா ஆடுது. பையனை அங்கே சேக்கலாமா?

நம்மவர்கள் பள்ளிக்கூடம் தேடுவது போல கிளப் தேடுகிறார்கள். கில்கென்னியில் அது நடக்காது. அங்கே பாரிஷ் விதி கறாரானது. நீங்கள் எந்த பாரிஷில் குடியிருக்கிறீர்களோ அந்த கிளப்தான். எல்லைக் கோடு உங்கள் தெருவின் நடுவே போனால் எதிர்வீட்டுப் பையன் எதிரணியில் ஆடுவான். டப்ளின் மாதிரி நகரத்தில் இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. இந்த விதிகளைக் கவுண்டிகள் தாங்களே எழுதுகின்றன, அதனால் உங்கள் கிளப் செயலாளரைக் கேட்பதுதான் ஒரே வழி.

எனக்கு இந்த விதி பிடிக்கும். இது இல்லாவிட்டால் நாலு பெரிய கிளப் மட்டும் மிஞ்சும், மீதி ஊர்களில் மைதானம் புல் முளைத்துக் கிடக்கும். பன்னிரண்டு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆட வாய்ப்பு தர வேண்டும் என்பதும் விதி, அந்த வயதில் கோப்பைக் கணக்கு பார்க்கமாட்டார்கள். ஆகவே எட்டு வயதுப் பையனுக்கு “நல்லா ஆடும் கிளப்” என்று தேடுவதில் பொருளே இல்லை.

சரி, சேந்தாச்சு. பிடிக்கலைன்னா மாற முடியுமா?

முடியும், ஆனால் காரணம் வேண்டும். ஜி.ஏ.ஏ. விதிப்படி ஓர் ஆட்டக்காரர் முதன்முதலில் முறைப்படி ஆடிய கிளப்தான் அவருடைய தாய்க் கிளப். அந்தக் கிளப்புக்கும் அந்த கவுண்டிக்கும் அவர் எப்போதும் கடமைப்பட்டவர் என்றே விதி பேசுகிறது. வீடு மாறியிருந்தால் மாற்றம் கேட்கலாம். கவுண்டிக்குள் என்றால் கவுண்டிக் குழு முடிவு செய்யும், கவுண்டி விட்டு கவுண்டி என்றால் மத்தியக் குழு. பயிற்சியாளரோடு சண்டை என்றால் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள். தாய்க் கிளப்புக்குத் திரும்பி வருவது மட்டும் சுலபம்.

பெரிய பெயர்களும் மாறியிருக்கிறார்கள். கார்க்கின் கிறிஸ்டி ரிங், எட்டு அகில அயர்லாந்துப் பதக்கம் வாங்கியவர், ஹர்லிங்கின் ஆகப்பெரிய ஆட்டக்காரர் என்று பலர் சொல்வது அவரைத்தான். பிறந்தது க்ளாய்ன் கிராமம், புகழ் பெற்றது கார்க் நகரத்தின் க்ளென் ரோவர்ஸ் கிளப்பில்.

கவுண்டி மாறி ஆடினவங்களே கிடையாதா?

உண்டு, ஆனால் குறைவு. வேறு கவுண்டியில் குடியேறி, அங்குள்ள கிளப்புக்கு மாறினால் அந்த கவுண்டிக்கு ஆடலாம். டிப்பரேரிக்காரரான ரயன் ஓ’ட்வயர் டப்ளினுக்குப் போய், 2011-ல் லீக் கோப்பையும் 2013-ல் லென்ஸ்டர் மாகாணக் கோப்பையும் வென்ற அணியில் ஆடினார். 2011 அகில அயர்லாந்து அரையிறுதியில் டப்ளினுக்கு எதிரே நின்றது யார் தெரியுமா? டிப்பரேரிதான். டிப்பரேரி ஜெயித்தது.

இப்படி ஒருவர் போனால் துரோகம் என்று யாரும் கத்துவதில்லை. வேலைக்காகத்தானே போனார் என்று விட்டுவிடுகிறார்கள். வாங்குவதற்குக் காசே இல்லாத இடத்தில் விலைபோனான் என்று திட்ட முடியாதே.

ஆட்டக்காரங்க மாறக்கூடாது, மானேஜர் மட்டும் எங்கே வேணா போலாமா?

போகலாம். கிளேர்க்காரரான டேவி ஃபிட்ஸ்ஜெரால்டு வாட்டர்ஃபோர்டு, வெக்ஸ்ஃபோர்டு, ஆன்ட்ரிம் என்று சுற்றி வந்திருக்கிறார். விதி தடுப்பதில்லை. மனசு தடுக்குமா என்பது வேறு விஷயம்.

பிரையன் கோடி 1999 முதல் 2022 வரை கில்கென்னியின் மானேஜர், 11 அகில அயர்லாந்துக் கோப்பை. ஹென்றி ஷெஃப்ளின் அவரிடம் ஆடி 10 பதக்கம் வாங்கியவர். அந்த ஷெஃப்ளின் கால்வேக்கு மானேஜராகப் போனார். 2022 மே மாதம் சால்தில் மைதானத்தில் குருவும் சீடனும் மோதினார்கள். கால்வே ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் கோடி கை கொடுத்த விதம், அதாவது இறுகிய முகத்தோடு பிடித்துவிட்டு விடாமல் முறைத்தது, நாட்டில் ஒரு வாரம் பேச்சாக இருந்தது. ஆட்டத்தில் யார் நன்றாக அடித்தார்கள் என்று இன்று யாருக்கும் ஞாபகமில்லை, அந்தக் கைகுலுக்கல் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

இருக்கிறதிலேயே பெரிய பகை எது?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் சொல்வது கில்கென்னிக்கும் டிப்பரேரிக்கும். கில்கென்னி கறுப்பு-மஞ்சள், பட்டப்பெயர் ‘பூனைகள்’. டிப்பரேரி நீலம்-தங்கம். இரண்டும் அடுத்தடுத்த கவுண்டிகள்தான், ஆனால் ஒன்று லென்ஸ்டர் மாகாணம், மற்றது மன்ஸ்டர். அதனால் மாகாணப் போட்டியில் சந்திக்கவே மாட்டார்கள். சந்தித்தால் அகில அயர்லாந்தின் கடைசிக் கட்டத்தில்தான். பக்கத்து வீட்டுக்காரனை உச்ச நீதிமன்றத்தில் மட்டும் சந்திப்பது மாதிரி.

1922 இறுதியில் டிப்பரேரியை வென்ற கில்கென்னி, அதன் பிறகு சாம்பியன்ஷிப்பில் அவர்களை மறுபடி வெல்ல 1967 வரை காத்திருந்தது. 45 வருடம். அந்த 1967 இறுதியில் கில்கென்னியின் டாம் வால்ஷ் ஒரு கண்ணை இழந்தார். ஹெல்மெட் இல்லாத காலம் அது. அப்புறம் சக்கரம் சுழன்றது. 2006 முதல் 2009 வரை கில்கென்னி தொடர்ந்து நான்கு கோப்பை. நான்காவதில் தோற்றுப்போனது டிப்பரேரி. 2010-ல் ஐந்தாவதுக்கு வந்தபோது அதே டிப்பரேரி 4-17-க்கு 1-18 என்று மறித்தது. அன்று லார் கார்பெட் அடித்தது மூன்று கோல். 2014 இறுதி 3-22-க்கு 1-28, கூட்டிப் பாருங்கள், இரண்டும் 31. மறு ஆட்டத்தில் கில்கென்னி. 2016, 2019 டிப்பரேரி.

எல்லையோரக் கடைகளில் இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வார்கள். தன் அணி தோற்ற வருடங்கள் மட்டும் அவரவர் வாயில் வராது.

கார்க்கும் டிப்பரேரியும்தான் பழைய பகைனு என் ஆபீஸ்ல ஒருத்தர் சண்டைக்கு வர்றாரே?

அவர் சொல்வதும் சரிதான். இருவரும் மன்ஸ்டரில் ஆண்டுக்காண்டு மோதியவர்கள். டிப்பரேரி 1971-க்குப் பிறகு 16 வருடம் மன்ஸ்டர் கோப்பையே வெல்லவில்லை. 1987-ல் கில்லார்னியில் நடந்த மறு ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில், கார்க்கைத் தோற்கடித்தது. அந்தக் காலத்தை டிப்பரேரியில் ‘பஞ்சம்’ என்றே சொல்கிறார்கள். பெரும் பஞ்சத்தைக் கண்ட அயர்லாந்தில் அந்தச் சொல்லைச் சாதாரணமாக யாரும் எடுக்கமாட்டார்கள்.

இவ்வளவு பழைய பகை, ஆனால் அகில அயர்லாந்து இறுதியில் இருவரும் சந்தித்தது முதன்முதலாக 2025-ல்தான். பாதி ஆட்டத்தில் கார்க் ஆறு புள்ளி முன்னிலை. 2005-க்குப் பிறகு கோப்பை இல்லாத கார்க்குக்கு இதோ வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். இரண்டாம் பாதியில் கார்க் எடுத்தது மொத்தமே இரண்டு புள்ளி. முடிவு 3-27-க்கு 1-18. 2025 வரையிலான கணக்கில் கில்கென்னி 36 கோப்பை, கார்க் 30, டிப்பரேரி 29. உங்கள் ஆபீஸ்காரர் கார்க் என்றால் இதைப் பற்றி இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

சின்ன கவுண்டிகளுக்குள்ளே ஒண்ணும் இல்லையா?

நிறைய. கிளேர்-லிமரிக், கில்கென்னி-வெக்ஸ்ஃபோர்டு எல்லாம் எல்லையோரச் சண்டைகள். ஆனால் கதை என்றால் 1998 கிளேர்-ஆஃபலி. அரையிறுதி மறு ஆட்டத்தில் கிளேர் மூன்று புள்ளி முன்னால் இருந்தபோது, நடுவர் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் முன்னதாகவே விசில் ஊதிவிட்டார். ஒரு கோல் அடித்தால் சமன். ஆஃபலி ரசிகர்கள் குரோக் பார்க் புல்லில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். அசல் தர்ணா. சங்கம் இறங்கி வந்து தர்லஸில் மறுபடி நடத்தியது. ஆஃபலி ஜெயித்து, இறுதியில் கில்கென்னியையும் வென்று கோப்பையைக் கொண்டுபோனது. கிளேர்க்காரர்களிடம் கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும்.

கோடையில அமெரிக்கா போற பசங்க அங்கே ஆடலாமா?

முறையான அனுமதியோடு ஆடலாம், நிறைய மாணவர்கள் ஆடுகிறார்கள். அனுமதி இல்லாமல் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு டோனி கீடி கதை போதும். கால்வே 1987, 1988 இரண்டு வருடமும் சாம்பியன். 1988 இறுதியில் தோற்றது டிப்பரேரி, அந்த வருடத்தின் சிறந்த ஹர்லர் கீடி. 1989-ல் அவர் நியூயார்க்கில் உரிய மாற்றம் இல்லாமல் ஓர் ஆட்டம் ஆடினார் என்று ஒரு வருடத் தடை விழுந்தது. மேல்முறையீடும் பலிக்கவில்லை. அரையிறுதியில் கீடி இல்லாத கால்வே டிப்பரேரியிடம் தோற்றது. அந்தக் கோப்பை டிப்பரேரிக்குப் போனது.

உறுப்பினர் விதி என்பது ஏதோ ஆபீஸ் காகிதம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கால்வேயில் அந்த அரையிறுதியைப் பற்றி இன்றும் குரல் உயராமல் பேசமாட்டார்கள்.

ஒருத்தர் ரெண்டு கிளப்புக்கு ஆடலாமா?

ஹர்லிங்குக்கு ஒன்று, கேலிக் கால்பந்துக்கு ஒன்று என்றால் ஆடலாம். மேலே சொன்ன க்ளென் ரோவர்ஸ் ஹர்லிங் கிளப், அதே ஆட்களின் கால்பந்து கிளப் செயின்ட் நிக்கலஸ். கிறிஸ்டி ரிங் இரண்டிலும் ஆடியவர். கல்லூரி மாணவர் தன் கிளப்போடு கல்லூரிக்கும் ஆடலாம்.

சிக்கலானது கார்க்கின் ‘டிவிஷன்’ அணிகள். கீழ்நிலையில் ஆடும் சின்ன கிளப்புகளின் ஆட்டக்காரர்கள் சேர்ந்து, தங்கள் வட்டாரத்தின் பெயரில் மேல்நிலைக் கோப்பைக்கு ஆடலாம். இமோகிலி என்ற அப்படியான அணி 2017, 2018, 2019 மூன்று வருடமும் கவுண்டிக் கோப்பையை வென்றது. ஆனால் அது கிளப் இல்லையே, அதனால் மாகாணப் போட்டிக்குப் போக முடியாது. 2024-லும் இறுதியில் சார்ஸ்ஃபீல்ட்ஸை வென்றது இமோகிலிதான். மன்ஸ்டருக்குப் போனது தோற்ற சார்ஸ்ஃபீல்ட்ஸ். போனதோடு மட்டுமல்ல, மன்ஸ்டர் கோப்பையையும் வென்றுவிட்டது!

கிரிக்கெட் ஆடினா ஜி.ஏ.ஏ.ல இருந்து தூக்கிடுவாங்களாமே?

உங்கள் தாத்தா காலத்தில் உண்மை. ‘தடை’ என்றே பெயர். கிரிக்கெட், ரக்பி, கால்பந்து (கேலிக் இல்லை, உலகம் ஆடும் சாக்கர்), ஹாக்கி ஆகிய ‘அந்நிய’ ஆட்டங்களை ஆடினாலும், பார்க்கப் போனாலுமே உறுப்பினர் பதவி போய்விடும். 1938-ல் ஒரு கால்பந்து ஆட்டம் பார்க்கப் போனதற்காக நாட்டின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைடையே புரவலர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், 19-ஆம் நூற்றாண்டில் கில்கென்னி நல்ல கிரிக்கெட் கவுண்டி.

1971-ல் தடையை எடுத்துவிட்டார்கள். வட அயர்லாந்து போலீஸும் பிரிட்டிஷ் ராணுவத்தினரும் சேரக்கூடாது என்ற விதி 2001-ல் போனது. இப்போது சனிக்கிழமை கிரிக்கெட், ஞாயிறு ஹர்லிங் என்று ஆடலாம். மணிக்கட்டு பழகியிருப்பதால் நம் பிள்ளைகளுக்கு ஹர்லி சீக்கிரம் பிடிபடுகிறது.

பொண்ணை எங்கே சேக்கிறது?

பெண்கள் ஆடுவது கமோகி. ஆட்டம் கிட்டத்தட்ட அதேதான், சங்கம் தனி, 1904-ல் தொடங்கியது. பல ஊர்களில் மைதானம் ஒன்றே. பாவாடை போன்ற கால்சட்டைதான் அணிய வேண்டும் என்று வெகுகாலம் வற்புறுத்திவந்தார்கள். ஆட்டக்காரிகள் போராடி, 2025-ல்தான் சாதாரண ஷார்ட்ஸுக்கு அனுமதி வாங்கினார்கள்.

மெம்பர் ஆனா ஃபைனல் டிக்கெட் கிடைக்குமா?

கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். உறுப்பினர் இல்லாவிட்டால் கிட்டத்தட்ட கிடைக்காது என்று சொல்வேன். இறுதிப் போட்டி டிக்கெட்டுகள் கவுண்டிகள் வழியாக கிளப்புகளுக்குத்தான் போகும். உங்கள் கவுண்டியே இறுதிக்கு வந்துவிட்டால் கிளப் செயலாளருக்குத் திடீரென்று சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். வருடம் முழுக்கத் தேநீர்க் கடை பார்த்தவர், மைதானத்துக்குக் கோடு போட்டவர் முன்னால் நிற்பார். நியாயம்தானே.

இவ்வளவு பகைன்னா மைதானத்துல அடிதடி வராதா? குழந்தைகளைக் கூட்டிட்டுப் போலாமா?

தைரியமாகக் கூட்டிப் போங்கள். இரண்டு அணி ரசிகர்களையும் பிரித்து உட்கார வைக்கும் வழக்கமே இல்லை. கில்கென்னிக்காரர் பக்கத்தில் டிப்பரேரிக்காரர் உட்கார்ந்து, 70 நிமிடம் நடுவரைத் திட்டிவிட்டு, பாதி ஆட்டத்தில் சாண்ட்விச்சைப் பங்கு போட்டுக்கொள்வார். மைதானத்துக்குள் ஆட்டக்காரர்கள் மட்டையால் தட்டிக்கொள்வது வேறு சங்கதி.

பையன் கில்கென்னியில பொறந்தான், அங்கேதான் ஆட ஆரம்பிச்சான். இப்போ டிப்பரேரிக்கு வீடு மாத்துறோம். அவன் யாருக்கு ஆடணும்?

தாய்க் கிளப் பற்றிய பதிலையும் கவுண்டி மாறுவது பற்றிய பதிலையும் சேர்த்துப் படியுங்கள். குடியிருப்பு மாறுவதால் டிப்பரேரி கிளப்புக்கு மாற்றம் கேட்கலாம், கொடுப்பார்கள். வளர்ந்த பிறகு பிறந்த கவுண்டிக்குத் திரும்பும் வழியும் அடைபடாது. சின்னப் பையன் என்றால் இப்போதைக்குப் புது ஊர் கிளப்பில் சேருங்கள், நண்பர்கள் கிடைப்பார்கள்.

இப்படி மாறிப்போன ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். பையன் பயிற்சிக்கு நீலச் சட்டையோடு போகிறான், உள்ளே கறுப்பு-மஞ்சள் பனியன். புது ஊர்ப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது அவனுக்கு அங்கே ‘பூனை’ என்றுதான் பெயர்.